ராசாவில் ஏறுபவர் பிடித்து வைக்கும் இடம்

அவர் ராசா நிலையத்தில் ரயில் ஏறுவார். நான் செரண்டாவில் ஏறும்போது பக்கத்து இருக்கையில் அவருடைய சாப்பாட்டுப் பை இருக்கும். என்னைக் கண்டதும் அதை மடிக்கு எடுத்துக்கொள்வார். இரண்டு வருடங்களாக இதுதான் வழக்கம். பெயரைக் கேட்டதில்லை. நரைத்த மீசை, மடிப்புக் கலையாத தொழிற்சாலைச் சட்டை, அதன் பையில் எப்போதும் இரண்டு பேனா.

காலை ரயிலை நிறுத்தப்போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டபோது, அவர்தான் மலாயில் மனு எழுதிப் ரயிலில் பெட்டி பெட்டியாகப் போய்க் கையெழுத்து வாங்கினார்.

"நம்ம ரயில காப்பாத்தத்தான் தங்கச்சி, போடு லா," என்று பேனாவை நீட்டினார். அண்ணன் எழுதியதில் என்ன வாசிப்பது? போட்டேன்.

ரயிலை நிறுத்தவில்லை. அரை மணி நேரம் முன்னதாகிவிட்டது. பயணிகள் கேட்டுக்கொண்டபடி என்று நிலையத்தில் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். அடுத்த ரயிலில் போனால் எனக்கு வேலை போய்விடும். முன்பு மகளைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு வருவேன். இப்போது அந்த எட்டு வயதுப் பெண் தானே வீட்டைப் பூட்டிவிட்டு இருட்டில் வேனுக்கு நிற்கிறாள்.

"நேரத்த மாத்தச் சொல்லியா எழுதுனீங்க, அண்ணே?"

"எனக்கு ஷிப்ட் மாறிருச்சு தங்கச்சி. சொல்லியிருந்தா நீ போட்டிருப்பியா?"

அன்றிலிருந்து நான் கதவோரம் நின்றபடியே போகிறேன். அவர் இன்னும் ராசாவிலிருந்து பையை வைத்து இடம் பிடித்துக்கொண்டுதான் வருகிறார். யாராவது உட்காரக் கேட்டால், என்னைப் பார்த்துக்கொண்டே சொல்கிறார்: "ஆள் இருக்கு."