கொதிக்கிற கஞ்சியில் ஈஸ்ட்

பதினெட்டு வருஷம் பேக்கரியில் மாவு பிசைந்தவள் அவள். நாற்பது தாண்டித்தான் கல்யாணம். வாய்த்தவர் ஒன்பது பசு வைத்திருக்கும் பால்காரர். மனுஷன் தங்கம். ஆனால் மாடு என்றாலே அவளுக்குக் குலை நடுங்கும். ஒரு வருஷமாகியும் தொழுவத்துக்குள் காலடி வைத்ததில்லை. ஊருக்கே ரொட்டி சுட்ட கைக்கு இந்த வீட்டில் ஒரு பிரயோஜனமும் இல்லையே என்று உள்ளுக்குள் குமைவாள். வெளியே சொல்லமாட்டாள்.

ஒன்பதில் மூத்தது சண்டைக்காரி, பால்காரர் முதன்முதலாக வாங்கிய பசு. கொஞ்ச நாளாக அதற்கு வயிறு சரியில்லை. சாணி தண்ணியாகப் போனது, அசைபோடுவது குறைந்தது, பால் பாதியானது. மாட்டு டாக்டர் தீவனத்தில் மாவைக் குறைத்து வைக்கோலைக் கூட்டச் சொன்னார். தினமும் போடச் சொல்லி ஈஸ்ட் பொடி ஒரு டப்பாவும் கொடுத்தார். மூன்று வாரம் ஓடியும் பசு தேறவில்லை.

"ஞாயித்துக்கிழமை மாட்டு வியாபாரிய வரச் சொல்லிட்டேன்மா. குடுத்துடலாம்," என்ற பால்காரர் அன்று தட்டில் கையே வைக்கவில்லை. சண்டைக்காரி போனால் மனுஷன் இடிந்துபோவார் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

மறுநாள் காலை டீ கொடுக்கத் தொழுவத்து வாசல்வரை போனாள். அங்கே அடுப்பில் கஞ்சி தளதளவென்று கொதிக்க, அவர் பொடியை அதில் கொட்டிக் கிண்டிக்கொண்டிருந்தார்.

"அய்யய்யோ! என்னங்க பண்றீங்க?"

"ஒடம்பு சரியில்லாத ஜீவன். பச்சையாவா குடுப்பேன்? நல்லா வேகட்டும்."

"அது உயிருள்ள சாமானுங்க, கொதிச்சா செத்துடும்! மூணு வாரமா பொணத்த ஊட்டிருக்கீங்க!"

அவர் நம்பவில்லை. அவள் இரண்டு டம்ளர் கொண்டுவந்தாள். ஒன்றில் வெதுவெதுப்பான தண்ணீர், மற்றதில் கொதிக்கிற தண்ணீர். இரண்டிலும் கொஞ்சம் சர்க்கரை, கொஞ்சம் பொடி. கால் மணி நேரத்தில் முதல் டம்ளர் நுரைத்துப் பொங்கியது. இரண்டாவது கலங்கின குட்டையாகக் கிடந்தது. பால்காரர் முகத்தில் அசடு வழிந்தது.

"நானும் பேக்கரில சேந்த புதுசுல இதே கூத்துதான் அடிச்சேன். முதலாளி அந்த ரொட்டியக் கதவுக்கு முட்டுக் குடுத்தாரு," என்று தேற்றினாள். "வியாபாரிய மூணு வாரம் கழிச்சு வரச் சொல்லுங்க. இனிமே நானே போடறேன்."

வாய் முந்திக்கொண்டது. தொழுவத்துக்குள் போயாக வேண்டுமே என்பது பிறகுதான் உறைத்தது.

அவருடைய பெரிய ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு தத்தக்கா பித்தக்கா என்று போனாள். ஆறின தீவனத்தில் பொடியைத் தூவிவிட்டு ஓடி வந்தாள். இரண்டாவது வாரம் சாணி இறுகியது. பால்காரர் அதைக் குச்சியால் கிளறிப் பார்த்துவிட்டுத் துள்ளிக் குதித்தார். மூன்றாவது வாரம் சண்டைக்காரி கண்ணை மூடிப் படுத்துக்கொண்டு அசைபோட்டது. அவள் பக்கத்திலேயே நின்று எண்ணினாள், ஒரு வாய்க்கு ஐம்பத்தெட்டு மெல்லல். பயந்தவள் என்பதே மறந்துபோயிருந்தது.

வியாபாரி வந்தான், டீ குடித்தான், வெறுங்கையோடு போனான். பால்காரர் பரண்மேலிருந்து ஒரு பொட்டலத்தை இறக்கித் தூசி தட்டினார். உள்ளே சின்ன அளவில் ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ்.

"எப்ப வாங்கினீங்க?"

"கல்யாணமான மறுவாரமே. நீயா வரட்டும்னு வச்சிருந்தேன்."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. போட்டுப் பார்த்தாள், அச்சாகப் பொருந்தியது.

"என் கால் அளவு எப்படிங்க தெரியும்?"

அவர் தலையைச் சொறிந்தார். "ஒரு நாள் உன் ஒத்தச் செருப்பு காணாமப் போச்சே..."

"அடப்பாவி மனுஷா! அன்னிக்குப் பூரா பக்கத்து வீட்டு நாயத் திட்டினேனே!"