செத்தவர் அழுத டேக்

1. அழாத முத்தரசி

எங்கள் படத்தின் ஹீரோ போலீஸ் குண்டு பட்டு மாந்தோப்பில் செத்துக் கிடந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஏழு வயது முத்தரசி அவர் நெஞ்சில் விழுந்து அழ வேண்டும். அவள் அழவில்லை. ஏதோ நல்லது நடக்கப்போவதுபோல அவர் முகத்தையே ஆவலாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கட்" என்றார் டைரக்டர். அது எத்தனையாவது கட் என்று கேட்க யாருக்கும் தைரியம் இல்லை.

நான் அந்தப் படத்தின் கோ-டைரக்டர். குழந்தைகள் நடிக்கும் படமென்றால் என்னைக் கூப்பிடுவார்கள். சொந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர் என்பதால் லொக்கேஷன் பார்த்துக் கொடுத்ததும் நான்தான். கதை இதுதான்: ஜெயிலிலிருந்து தப்பிய ஒரு கொலைக் குற்றவாளி, ராஜபாளையத்தில் மூடிக்கிடக்கும் ஒரு மில்லில் ஒளிகிறான். விளையாட வரும் சிறுமி அவனைக் கண்டுபிடிக்கிறாள். காட்டிக்கொடுக்காமல் தினமும் சோறு கொண்டுவந்து கொடுக்கிறாள். கடைசியில் போலீஸ் அவனைச் சுட்டுவிடும், அவள் அழுகையோடு படம் முடியும். அந்த அழுகை கிடைக்காவிட்டால் படத்துக்கு முடிவே இல்லை.

மறுநாள் புரட்டாசிச் சனிக்கிழமை. எங்கள் ஊர்ப் பக்கமும் திருவண்ணாமலை என்று ஒரு பெருமாள் மலை உண்டு; அங்கே வரும் கூட்டத்தில் தோப்புக்குப் போகும் ரோட்டில் சைக்கிள்கூட நுழையாது, ஜெனரேட்டர் வண்டி எங்கே நுழைவது? ஹீரோவின் கால்ஷீட்டும் அந்த வெள்ளிக்கிழமையோடு சரி. வெயில் மலைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது.

2. "அவிய சிரிக்கணும்ல"

முத்தரசியின் பக்கத்தில் போய்க் குந்தினேன். "ஏட்டி, அழுகை வரலையா?"

"மாமா இன்னும் சிரிக்கலையே அத்தை. அவிய சிரிக்கணும்ல?"

எனக்குப் புரிந்துவிட்டது. சினிமாவில் ஒரு வழக்கம் உண்டு. செத்தவராக நடித்தவர், ஷாட் முடிந்ததும் கேமராவைப் பார்த்து ஒரு தடவை சிரித்துவிட வேண்டும். சாவு வேஷம் ஆளோடு ஒட்டிக்கொள்ளக் கூடாதென்று செய்வது. அந்த வாரம் மில்லில் எடுத்த சீனில், தேடி வரும் ஜெயில் வார்டனாக நடித்தவர் செத்து, உடனே பல்லைக் காட்டிச் சிரித்தார். பிள்ளை பயப்படக் கூடாதென்று அவளை முன்னால் உட்காரவைத்து அதைக் காட்டியது நாங்கள்தான். எங்கள் புத்திசாலித்தனத்தை என்னவென்று சொல்ல. இப்போது, சாவு என்றால் அடுத்துச் சிரிப்பு என்பது அவள் கணக்கு.

டைரக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். "அவ அம்மாவுக்கு ஆக்சிடெண்ட்னு சொல்லுங்க மேடம். தானா அழும். ஷாட் முடிஞ்சதும் சும்மா சொன்னோம்னு சொல்லிக்கலாம்."

அவள் அம்மா பேச்சியம்மாள், செட்டியார்பட்டியில் தறி ஓட்டுகிறவள். மகளுக்காக லீவு போட்டுவிட்டு வந்தவள், அப்போது டீ வாங்கத் தோப்புக்கு வெளியே போயிருந்தாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"நான் சொல்ல மாட்டேன் சார். யாரையும் சொல்ல விடவும் மாட்டேன். இன்னைக்கு அழுதுரும். நாளைக்கு அவ அம்மா டீ வாங்கப் போனாலும் அழும். அதுக்கு யாரு கட் சொல்றது?"

"அப்ப என் கிளைமாக்ஸ்?"

"ஒரே ஒரு டேக் குடுங்க. அழுன்னு மட்டும் யாரும் சொல்லாதீங்க."

முறைத்தார். மலையைப் பார்த்தார். போய் மானிட்டர் முன்னால் உட்கார்ந்தார்.

நான் முத்தரசியிடம் திரும்பினேன். "மாமா சிரிக்கணும்னா நீதாம்ட்டி சிரிக்க வைக்கணும்."

3. அந்த டேக்

ஆக்ஷன் சொன்னதும் அவள் வேலையைத் தொடங்கினாள். கன்னத்தைக் கிள்ளினாள். காதில் ஊதினாள். விலாவில் கிச்சுகிச்சு மூட்டினாள். செத்தவர் அசையவில்லை.

"போதும் மாமா. போலீஸ்காரவுக போயிட்டாக. சிரிங்க."

அவள் குரல் இறங்கியது.

"சோறு கொண்டாந்திருக்கேன் மாமா. சிரிச்சாத்தான் தருவேன்."

இந்த வசனம் எங்கள் ஸ்கிரிப்டில் கிடையாது. கிடைத்துவிட்டது, கிடைத்துவிட்டது என்று மனசுக்குள் குதித்தேன்.

அப்போது ஹீரோவின் மூடிய கண்ணிலிருந்து ஒரு சொட்டு நீர் வழிந்து காதை நோக்கி ஓடியது. பிணம் அழுகிறது. "போச்சு, டேக் போச்சு" என்றார் கேமராமேன். நான் தலையில் கைவைத்துக்கொண்டேன்.

முத்தரசி குனிந்து பார்த்தாள். பாவாடை நுனியால் அந்தக் கண்ணைத் துடைத்தாள். பிறகு துப்பாக்கியோடு நின்ற போலீஸ் வேஷக்காரர்கள் பக்கம் திரும்பி, அவருக்குக் குறுக்கே கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"மாமா சாகல. இனி யாரும் சுடாதீய."

டைரக்டர் கட் சொல்லவே இல்லை. நாற்காலியிலிருந்து மெதுவாக எழுந்தார்.

"மேடம், அவன் சாகல" என்றார். "இவ சாகவிட மாட்டா. படம் இங்கயே முடியுது."

தோப்பே கைதட்டியது. ஹீரோ எழுந்து முத்தரசியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். என் வயதையும் முழங்காலையும் மறந்து நானும் குதித்தேன். டீத்தூக்கோடு வந்த பேச்சியம்மாள் மிரண்டுபோய் நின்றாள்.

"என்னக்கா, எல்லாரும் இந்தக் குதி குதிக்கீக? பிள்ளை அழுதுட்டாளா?"

"இல்ல பேச்சி. மாமாவ அழவச்சிட்டா."

4. தியேட்டரில்

படம் வெளியான முதல் நாளே ராஜபாளையத்தில் பார்த்தோம். அந்தச் சொட்டு நீர் வழிந்ததும் தியேட்டர் அடங்கிப்போனது. பின்வரிசையிலிருந்து ஒருவர், "ஏலே, உசுரு இருக்குலே" என்றார். அவ்வளவுதான், விசில் சத்தத்தில் மிச்சம் எதுவும் கேட்கவில்லை. சந்தோஷத்தில் நான் அழுதேன்.

உதவி டைரக்டராக வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: குழந்தையைப் பயமுறுத்தினால் கண்ணீர் வரும், ஆனால் அந்தக் குழந்தை அடுத்த டேக்கில் உங்கள் முகத்தைப் பார்க்காது. அது மனசில் என்ன நினைக்கிறது என்று கேளுங்கள். நீங்கள் எழுதியதைவிட நன்றாகவே இருக்கும்.

அந்த டைரக்டர் இப்போது இன்னொரு குழந்தைப் படம் எடுக்கிறார்; அதிலும் நான்தான் கோ-டைரக்டர். முதல் நாள் யூனிட்டை நிற்கவைத்து, குழந்தையிடம் பொய் சொல்லி அழவைக்கிறவனுக்குத் தன் செட்டில் இடமில்லை என்று கண்டிப்பாகப் பேசினார். பேசி முடிக்கும்வரை என் பக்கம் மட்டும் திரும்பவே இல்லை.