கருங்கல்லில் நான் சொல்லாதது

சிங்கப்பூரில், புக்கிட் பாத்தோக்கில் நாங்கள் குடியிருந்த அடுக்குமாடிப் புளோக்கை இடித்துவிட்டு அந்த இடத்தில் ஒரு சின்னச் சதுக்கம் கட்டியிருக்கிறார்கள். அதன் ஓரத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு கருங்கல் சுவர். பழைய குடியிருப்பாளர்கள் சொன்ன நினைவுகளை நான்கு மொழிகளில் அதில் வெட்டி வைத்திருக்கிறார்கள். தமிழ்ப் பக்கத்தில் மூன்றாவதாக இருப்பது என் பெயரில் இருக்கிறது.

"என் தம்பி இறந்தபோது புளோக்கே கீழே இறங்கி வந்தது. அன்று நாங்கள் ஒரே குடும்பமாக நின்றோம்."

எழுத்துப்பிழை ஒன்றுகூடக் கிடையாது. பொது இடத்தில் தமிழ் இவ்வளவு சுத்தமாக இருப்பதைப் பார்த்து வேறொரு நாள் என்றால் சந்தோஷப்பட்டிருப்பேன். ஒரே ஒரு குறைதான். நான் சொன்னது இதற்கு நேர் எதிர்.

என் தம்பி போதைப்பொருள் வழக்கில் இரண்டு முறை உள்ளே போய் வந்தவன். இரண்டாவது முறை வெளியே வந்தபிறகு எங்கள் வீட்டில்தான் இருந்தான். ஒழுங்காக வேலைக்குப் போனான். லிஃப்டில் யாராவது இருந்தால் அடுத்த லிஃப்டுக்குக் காத்திருப்பான், அவர்களுக்குச் சங்கடம் வேண்டாமே என்று. ஐந்து மாதம் அப்படி இருந்தான். ஒரு காலையில் எழுப்பப் போனால் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். புளோக்கில் யாரும் அதை நம்பவில்லை. பழக்கத்துக்குத் திரும்பிவிட்டான், அதனால்தான் போனான் என்று அவர்களே ஒரு சான்றிதழ் எழுதிக்கொண்டார்கள்.

அவனைப் புளோக்குக்குக் கீழே, திறந்த தரைத்தளத்தில்தான் கிடத்தினோம். நீலமும் வெள்ளையுமாகத் துணி கட்டி, வட்ட மேசை போட்டு, வேர்க்கடலையும் பாக்கெட் பானமும் வைத்தோம். நாற்காலிகள் வரிசையாகக் கிடந்தன. அந்த இரண்டு நாளும் அவற்றில் உட்கார்ந்தவர்களை நான் இப்போதும் ஒவ்வொருவராகச் சொல்லிவிடுவேன், அவ்வளவு குறைவு, அதுவும் பெரும்பாலும் வயதான சொந்தக்காரர்கள். எங்கள் புளோக்கில் எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் இருந்தன. தீபாவளிக்கு என் முறுக்கைத் தின்னாத வீடு அதில் கிடையாது. தூக்குகிற நேரத்தில் நிமிர்ந்து பார்த்தேன். மாடிக்கு மாடி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், தேசிய தின விமானங்களைப் பார்க்க நிற்பதுபோல.

சவப்பெட்டியைத் தூக்க நான்கு ஆள் வேண்டும். என் கணவர், அவரோடு வேலை செய்தவர் ஒருவர், ஜோகூரிலிருந்து வந்த சித்தப்பா மகன் என்று மூன்று பேர்தான் இருந்தார்கள். பெட்டிக் கம்பெனிக்காரர் தன் ஆளை விடவா என்று கேட்டுக்கொண்டிருந்தார். அப்போது நாலாவது மாடி பாய் லிஃப்டிலிருந்து வெளியே வந்தார். தேக்காவில் துணிக்கடை வைத்திருந்தவர், கடை திறக்கக் கிளம்பியிருந்தார். எங்களைப் பார்த்தார். கையிலிருந்த பையை ஒரு நாற்காலியில் வைத்தார். நாலாவது மூலைக்குப் போய்த் தோளைக் கொடுத்தார். அன்றைக்கு மண்டாய் தகனச்சாலை வரைக்கும் வந்தார். கடையைத் திறக்கவேயில்லை.

நான் சொன்னது இதுதான்: "புளோக்கே மேல நின்னு பார்த்துச்சு. கீழ இறங்கி வந்தது நாலாவது மாடி பாய் ஒருத்தர்தான்."

இதை நான் சொன்னது என் கூட்டாளியிடம். எதிர்வீட்டுக்காரி. முப்பது வருடப் பழக்கம், என் வீட்டுச் சாவி அவளிடம், அவள் வீட்டுச் சாவி என்னிடம். தம்பியின் சாவுக்கு அவளும் வரவில்லை. மறுநாள் வந்து, கடுமையான காய்ச்சல், தலையைத் தூக்க முடியவில்லை என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான்தான் அவளுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தேன். புளோக்கில் மற்ற எல்லார் மேலும் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் இருந்தது. அவள் மேல் மட்டும் இல்லை.

புளோக்கை எடுத்துக்கொள்ளப் போகிறார்கள் என்றானபோது அவள் வட்டாரக் குழுவில் இருந்தாள். சுவருக்காக நினைவுகளைச் சேகரிக்கும் வேலையை அவளிடம் கொடுத்திருந்தார்கள். ஒருநாள் படிவத்தோடு வந்து என் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தாள். நான் சொல்லச் சொல்ல ஒரு நோட்டில் குறித்துக்கொண்டாள். பாதியில் பேனாவை நிறுத்தி, "இத அப்படியே போடணுமா?" என்று கேட்டாள்.

"வேற எதயும் போடாத. இது போடலன்னா என் பேரே வேணாம்" என்றேன்.

"சரிலா, கோவப்படாத. நீ சைன் மட்டும் போடு, நான் வீட்டுல போயி நீட்டா எழுதிக்கறேன்."

வெறும் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். வங்கியில் ஒரு தாளை நாலு தடவை படிக்கிறவள் நான். அவளிடம் படிக்கத் தோன்றவில்லை.

பிறகு நாங்கள் பொங்கோலுக்கு வந்துவிட்டோம். அவள் பழைய இடத்துக்குப் பக்கத்திலேயே புது வீடு எடுத்துக்கொண்டாள். பாய் மகனோடு செங்காங்குக்குப் போய்விட்டார். சதுக்கம் திறக்கப்போகிற செய்தி வந்ததும் நான் செய்த முதல் காரியம் பாய்க்குப் போன் போட்டதுதான். "உங்களப் பத்தித்தான் கல்லுல வெட்டியிருக்காங்க, கண்டிப்பா வரணும்" என்று சொன்னேன். "எதுக்கும்மா அதெல்லாம்" என்றார். ஆனால் வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, தலையில் புதுத் தொப்பி. மகன் காரில் கொண்டுவந்து விட்டான்.

பேச்செல்லாம் முடிந்து திரையை விலக்கினார்கள். கூட்டத்தில் அவரை முன்னால் விட்டு நான் பின்னால் நின்றேன். அவர் முகத்தைப் பார்க்கவேண்டும் என்ற ஆசையில் நான் சுவரைப் பார்க்கவில்லை. அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார். மறுபடி படித்தார். பிறகு பக்கத்தில் இருப்பதைப் படித்தார், அதற்குக் கீழே இருப்பதைப் படித்தார். தேடுகிறார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. எட்டிப் பார்த்தேன்.

"பாய், நான் இப்படிச் சொல்லல" என்றேன்.

"நல்லாத்தாம்மா எழுதியிருக்காங்க" என்றார். மறுபடி சுவரைப் பார்த்துவிட்டு, "எல்லாரும் வந்தாங்களா அன்னிக்கு? வயசாச்சுல்ல, எனக்குத்தான் மறந்துபோச்சு போல" என்றார்.

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நான் எவ்வளவோ எடுத்துச் சொன்னேன். பெரிய மனிதர்கள் நம் மனது நோகக்கூடாது என்று தலையாட்டுவார்களே, அப்படித் தலையாட்டினார். அவர் செய்த ஒரு காரியத்தின் மேல் அவருக்கே சந்தேகம் வரும்படி செய்துவிட்டேன், அதுவும் காரில் வரவழைத்து, எல்லாருக்கும் முன்னால் நிற்க வைத்து.

எல்லாம் சுவர் வேலையைப் பார்த்த அலுவலகத்தில் இருக்கும் மொழிபெயர்ப்பாளர் வேலையாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். ஆங்கிலத்தில் சுருக்கி, அதைத் திரும்பத் தமிழில் போட்டு எவரோ பூசி மெழுகியிருக்கிறார் என்று பஸ்ஸில் போகும்போதே வசனம் தயார் செய்துகொண்டு போனேன். அங்கே இருந்த இளம்பெண் பொறுமையாக நான் கத்துவதையெல்லாம் கேட்டாள். உள்ளே போய் ஒரு ஃபைலை எடுத்து வந்தாள்.

"ஆன்ட்டி, நாங்க ஒரு வேர்டுகூட சேஞ்ச் பண்ணல. இது உங்க சிக்னேச்சர்தானே?"

என் கையெழுத்துதான். அதற்கு மேலே இருந்த இரண்டு வாக்கியங்களும் என் கூட்டாளியின் கையெழுத்தில் இருந்தன. அந்தக் குண்டு எழுத்தை எனக்குத் தெரியாதா? முப்பது வருடமாக என் வீட்டுக் கதவில் துண்டுச்சீட்டு ஒட்டிவிட்டுப் போகிற எழுத்து.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். கருங்கல்லில் மறைத்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். இத்தனைக்கும் நான் சொன்னது அந்தச் சுவருக்கு எவ்வளவு பொருத்தம்! ஒரு இந்துப் பையனின் பெட்டிக்குத் தோள் கொடுத்த முஸ்லிம் அண்டைவீட்டுக்காரர். நம் ஊரில் இதைவிடப் பிடித்த செய்தி வேறு உண்டா? அலுவலகத்தில் தூக்கி வைத்துக் கொண்டாடியிருப்பார்கள். அதை நீக்கவேண்டும் என்ற அவசியம் அவர்களுக்கு இருந்திருக்காது. வேறு யாருக்கோ இருந்திருக்கிறது.

கல்லை மாற்ற முடியும் என்றாள் அந்தப் பெண். அதற்கு ஒரு திருத்தப் படிவம் இருக்கிறது. நான் எழுதினால் மட்டும் போதாது, நடந்ததை நேரில் கண்ட ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போடவேண்டும். குடும்பத்து ஆள் கூடாது. வாக்கியத்தில் யாரைப் பற்றிச் சொல்கிறோமோ அவரும் கூடாது. அப்படியானால் பாய் கூடாது, என் கணவர் கூடாது. கணவரோடு வேலை செய்தவர் இப்போது உயிரோடு இல்லை. படிவத்தை வாங்கிக்கொண்டு நேராக என் கூட்டாளியின் புது வீட்டுக்குப் போனேன். அன்றைக்கு மாடியில் நின்றவர்கள் எல்லாரையும் அவளுக்குத் தெரியும், யாரையாவது அழைத்து வரட்டும் என்பது என் கணக்கு.

கதவைத் திறந்ததுமே என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டாள். உள்ளே கூப்பிட்டாள். நான் செருப்பைக் கழற்றவில்லை.

"ஏன்டி மாத்தினே?"

"நல்லதுக்குத்தான்லா. அந்தப் பையனுக்கு யாருமே வரலன்னு கல்லுல இருந்தா அசிங்கம் இல்லையா?"

"யாருக்கு அசிங்கம்? அவனுக்கா?"

கதவு நிலையில் சாய்ந்துகொண்டாள். அழ ஆரம்பித்தாள். காய்ச்சல் எதுவும் இல்லையாம். போலீஸ் கண் வைத்திருக்கிற வீடு, போகாதே என்று அவள் புருஷன் சொன்னாராம். ஏழாவது மாடிக் கம்பியில் மற்றவர்களுக்குப் பின்னால் அவளும் நின்றாளாம். பாய் பையைக் கீழே வைத்ததைப் பார்த்தாளாம். "ஒவ்வொரு நாளும் நினைச்சேன், இறங்கிப் போயிருக்கலாமேன்னு. எழுதும்போது கை தானா அப்படி எழுதிடுச்சு" என்றாள்.

அதாவது, என் தம்பியின் சாவுக்கு அவள் பல வருடம் கழித்துக் கல்லில் இறங்கி வந்திருக்கிறாள். நான் வைத்துக் கொடுத்த கஞ்சி ஞாபகம் வந்தது. ஆனாலும் உண்மையைச் சொல்வதென்றால், அந்த நிமிடம் எனக்கு ஒரு நம்பிக்கையும் வந்தது. வேறு யாரையும் தேட வேண்டாம், பார்த்த ஆள் எதிரிலேயே நிற்கிறாள். பார்த்தேன் என்று அவள் வாயாலேயே சொல்லிவிட்டாள். முப்பது வருடத்தை மன்னிக்க எனக்கு ஒரு கையெழுத்துப் போதும். படிவத்தை நீட்டினேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நிதானமாகப் படித்தாள். சாட்சி என்று போட்டிருந்த இடத்தில் விரலை வைத்தாள்.

"இதுல நான் எப்படிலா சைன் போட முடியும்? நான் அன்னிக்குக் கீழ வரவே இல்லையே. நாளைக்கு யாராச்சும் கேட்டா பொய்க் கையெழுத்து ஆயிடும்."

"அதையே எழுதிக் கொடு. கீழ வரல, மேல நின்னு பார்த்தேன்னு எழுது."

"கமிட்டியில எல்லாரும் படிப்பாங்க" என்றாள்.

படிவத்தை இரண்டாக மடித்து என் கையில் வைத்தாள். சாவியை எடுத்துக்கொண்டு லிஃப்ட் வரைக்கும் கூடவே நடந்து வந்தாள், பட்டனையும் அவளே அழுத்தினாள். லிஃப்ட் வந்தது. நான் ஏறினேன். அவளும் ஒரு காலை உள்ளே வைத்தாள்.

"கீழ வரைக்கும் வரேன்லா."

"வேணாம்டி" என்றேன். "இன்னிக்கு யாரும் சாகல."