திங்கட்கிழமையே தெரிந்திருந்தது

1. சாத்தூர் போன்

திங்கட்கிழமை காலை சாத்தூரிலிருந்து போன் வந்தது. பிரவுசிங் சென்டர் வைத்திருந்தவர் பேசினார்.

"அண்ணே, உங்க கல்யாண சைட்டுல உள்ள ஒரு பொண்ணு பேரைக் கூகுள்ல தேடுனா மொத்தப் பட்டியலும் திறக்குது. குறிப்பெல்லாம் தெரியுது. இங்கன ரெண்டு பேரு பிரிண்ட் எடுத்துட்டுப் போயிட்டாவ."

குறிப்பு என்றதும் நாற்காலியைக் கம்ப்யூட்டர் பக்கம் இழுத்தேன்.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய வருடங்கள். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு மாடியில் எங்கள் ஆபீஸ். டேட்டா என்ட்ரி, சைட் அட்மின், பவர் கட் ஆனால் யூ.பி.எஸ். பார்ப்பவன், எல்லாம் நான்தான். முதலாளி அண்ணாச்சி அதற்குமுன் கல்யாணத் தரகர். அவருடைய நோட்டில் முன்பக்கம் ஊருக்கு, பின்பக்கம் அவருக்கு. நின்றுபோன நிச்சயம், தகப்பனின் குடி, பெண்ணின் நோய் எல்லாம் பின்பக்கத்தில் இருக்கும். கம்ப்யூட்டர் வந்தபோது அந்தப் பின்பக்கத்தையும் பட்டியலில் ஒரு கட்டமாகச் சேர்க்கச் சொன்னார். 'குறிப்பு' என்று பெயர் வைத்தோம். நோட்டு அவர் இடுப்பை விட்டு இறங்கியதில்லை. சர்வருக்கு இடுப்பு கிடையாது என்று எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

மதுரை ஏஜென்ட் கேட்டார் என்று முழுப் பட்டியலையும் எக்செல் ஃபைலாக்கி, பாஸ்வேர்டு இல்லாத ஃபோல்டரில் போட்டவன் நான். அவர் இறக்கிக்கொண்டதும் அழித்திருக்க வேண்டும். மறந்தேன்.

போனை வைத்த பத்தாவது நிமிடம் ஃபைலை எடுத்துவிட்டேன். கரிசல் வெடிப்பில் விழுந்த சாவி போல, அதற்குள் அது எந்த ஆழத்துக்குப் போயிருந்ததோ.

2. பராமரிப்புப் பணி

"எல்லாருக்கும் போன் போட்டுச் சொல்லிருவோம் அண்ணாச்சி" என்றேன்.

"ஏலே, எடுத்தாச்சுல்லா? அப்புறம் என்ன? ஊரெல்லாம் தமுக்கடிக்கப் போறியா?"

"பிரிண்ட் வெளிய போயிருக்கே."

"ரெண்டு தாளுக்கு ரெண்டாயிரம் வீட்டைப் பயமுறுத்தச் சொல்லுதியா? நாளைக்கு ஒரு பய இங்கன சாதகம் கொண்டாருவானா? பராமரிப்புப் பணின்னு சைட்டுல ஒரு போர்டு மாட்டு. ஒரு வாரத்துல மறந்துருவாவ."

மாட்டினேன். மஞ்சள் எழுத்தில், ஓடுகிற மாதிரி. பார்க்க அழகாகக்கூட இருந்தது.

ஆனாலும் குறிப்புக் கட்டத்தில் ஏதாவது இருந்த பெயர்களையெல்லாம் ஒரு தாளில் எழுதினேன். முதல் பெயர் செண்பகம் டீச்சர், பசுவந்தனை. "பத்து வயதில் வலிப்பு. பதினைந்தோடு நின்றுவிட்டது. நிச்சயத்துக்கு முன் தானே சொல்வதாகச் சொல்கிறார்." தட்டியது நான்தான். பதிய வந்தபோது எனக்கு எதிரே உட்கார்ந்து, குரல் தாழ்த்தாமல் சொன்னவர் அவர்.

மத்தியானம் அண்ணாச்சி சாப்பிடப் போன நேரம், டீச்சர் வீட்டு நம்பரைச் சுழற்றினேன். ஒருமுறை மணி அடித்தது. படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. வைத்துவிட்டேன். வந்தவர் கூரியர்காரர்.

3. திரும்பி வந்த ஜாதகம்

சனிக்கிழமை டீச்சர் நேரில் வந்தார். நாலாக மடித்த ஜாதகத்தை மேஜையில் வைத்தார். மூலையில் மஞ்சள் அப்படியே இருந்தது. அதன்மேல் ஒரு ஜெராக்ஸ் தாள். அவருடைய வரியின் கீழ் யாரோ பேனாவால் கோடு போட்டிருந்தார்கள்.

"நேத்துப் பூ வைக்க வாரதா இருந்தாவ. புதன்கிழமையே இது மாப்பிள்ளையோட சித்தப்பா கைக்குப் போயிட்டு. மறைச்சிட்டியளேன்னு சாதகத்தைத் திருப்பி அனுப்பிட்டாவ."

"யாரோ பொறாமைக்காரங்க வேலைம்மா" என்று அண்ணாச்சி ஆரம்பித்தார். "நம்ம சிஸ்டம் ரொம்பப் பத்திரம்…"

டீச்சர் என்னைப் பார்த்தார். "உங்களுக்கு எப்பத் தெரியும்?"

அண்ணாச்சி இருமினார்.

"திங்கக்கிழமை" என்றேன்.

டீச்சர் ஜெராக்ஸ் தாளை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"வியாழக்கிழமை அவிய வீட்டுக்குப் போய்ச் சொல்லணும்னு லீவு எழுதிக் குடுத்திருந்தேன். திங்கக்கிழமை நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, செவ்வாக்கிழமையே போயிருப்பேன். என் வாயால சொன்னா அது உண்மை. அவியளே தாள்ல படிச்சா அது மறைச்சது. வெளிய போனதுக்குக்கூட உங்களை ஒண்ணும் சொல்லல. எனக்கு இருந்த அந்த ஒரு நாளை எதுக்கு எடுத்தீய?"

அண்ணாச்சி ஃபைலைத் தேடி, பதிவுக்கு அவர் கொடுத்திருந்த ஜாதக நகலை நீட்டினார். டீச்சர் வாங்கவில்லை.

"வேண்டாம்னா சாதகத்தைத் திருப்பிக் குடுக்கது நம்ம ஊரு மரியாதை. நீங்க எதைத் திருப்பிக் குடுப்பீய, அண்ணாச்சி?"

வாசல் வரை போனவர் நின்றார். "திங்கக்கிழமை மத்தியானம் போன் ஒருக்க அடிச்சி நின்னுதுன்னு அம்மை சொன்னா. நீங்களா?"

"இல்ல டீச்சர்" என்றேன்.

4. இப்போது

இப்போது பெரிய கம்பெனியில் இருக்கிறேன். இங்கேயும் விவரம் கசிகிறது. கசிந்ததும் கண்ணாடி அறையில் கூடுகிறார்கள். வக்கீல் வருகிறார். 'உங்கள் பாதுகாப்பே எங்கள் உயிர்' என்று ஒருவர் எழுதுகிறார், இன்னொருவர் திருத்துகிறார். அண்ணாச்சி ஆங்கிலம் பேசுகிறார், அவ்வளவுதான் வித்தியாசம்.

என்னிடம் வேலை பழகுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். தேவையில்லாத விவரத்துக்குக் கட்டம் வைக்காதீர்கள். ஓட்டையை அடைத்துவிடுங்கள். அடைத்த கையோடு, யாருடைய விவரம் போனதோ அவரைக் கூப்பிடுங்கள். என்ன போனது, எப்போது போனது, யார் தப்பு என்று சொல்லுங்கள். அறிக்கை மெல்ல வரட்டும். அவர் கையில் மிச்சமிருப்பது ஒரு நாளாக இருக்கலாம். அது உங்களுடையது அல்ல.

படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்கும். எடுக்கும்வரை மணி அடிக்கட்டும்.