கீழிருந்து மேலாக

அந்தக் கல்லூரியில் பதினோரு வருடமாகக் கரும்பலகை துடைத்தவளை மாணவர்கள் ‘ஈரத்துணி’ என்றுதான் கூப்பிட்டார்கள். பட்டப்பெயர் வைத்தவனுக்குத் தன் மூளையைப் பற்றிப் பெருமை இருந்திருக்கும். அவள் காதில் விழாதது போல வாளியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுவாள்.

இன்று முதல்வர் அறையில் அவளை யாரும் உட்காரச் சொல்லவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர்: முதல்வர், லத்தீன் ஆசிரியர், நகர ஆவணக் காப்பகத்திலிருந்து வந்த அதிகாரி அம்மா. நடுவில் அவள் எழுதிய விடைத்தாள்.

காப்பகத்தில் பழைய லத்தீன் பதிவேடுகளைப் பிரித்து அடுக்க ஓர் உதவியாளர் தேவைப்பட்டார். அடிப்படை லத்தீன் தேர்வில் தேறினால் போதும் என்றது விளம்பரம், பட்டம் கேட்கவில்லை. இருபத்தாறு பேர் எழுதினார்கள். எட்டாவதோடு நின்றுபோன ஈரத்துணியும் எழுதினாள். முதலிடம் அவளுக்கு. அவளுக்குப் பக்கத்து மேசையில் எழுதிய, ஆசிரியரின் செல்ல மாணவனுக்கு இரண்டாமிடம். அன்று மாலையே ஆசிரியர் புகார் எழுதினார்: இவள் பக்கத்து மேசையைப் பார்த்து எழுதியிருக்கிறாள்.

புகார் நின்றால் காப்பக வேலை கிடைக்காது. கையிலிருக்கிற துடைப்பமும் போய்விடும். ஒரே அறையில் அவளோடு குடியிருக்கும் அக்கா, காலையில் தலைவாரிவிடும்போதே புலம்பித் தீர்த்திருந்தாள். இருக்கிற கஞ்சியில் மண் விழப்போகிறது, போய்க் காலில் விழு என்று. விழுவதற்கு நான் என்ன செய்தேன் என்று கேட்டுவிட்டு வந்திருந்தாள் இவள்.

ஆசிரியர் விடைத்தாளைத் தட்டினார். ‘லபோராரே’ என்ற வினைச்சொல்லின் நிகழ்கால வடிவங்கள் ஆறையும் அர்த்தத்தோடு எழுதச் சொன்னது கேள்வி. உலகத்தில் எந்தப் பாடப்புத்தகமும் ‘நான்’ என்பதில் தொடங்கி, நீ, அவள், நாம், நீங்கள் என்று இறங்கி ‘அவர்கள்’ என்பதில் முடிக்கும். இவள் தாளில் எல்லாம் தலைகீழ். ‘லபோரான்த்’, அவர்கள் உழைக்கிறார்கள், மேலே. ‘லபோரோ’, நான் உழைக்கிறேன், அடியில்.

“காப்பியடிச்சது தெரியக்கூடாதுன்னு திருப்பிப் போட்டிருக்கா. திருட்டுப் புத்தி எப்படி வேலை செய்யுது பாருங்க” என்றார்.

குற்றவாளி யார் என்று முதலில் முடிவு செய்துவிட்டு, பிறகு ஆதாரம் தேடுகிறவர்களுக்கு எதுவும் ஆதாரம்தான். சரியாக எழுதினால் காப்பி. வேறு மாதிரி எழுதினால் தந்திரம். ஒன்றுமே எழுதாமலிருந்தால் மட்டும் இவள் யோக்கியமானவள்.

“நீயா படிச்சதுன்னா, முதல்லேருந்து சொல்லு. லபோரோ. அடுத்து?”

அவள் வாய் திறந்தது. சொல் வரவில்லை. லபோரோ எப்போதும் கடைசியில் வரும் சொல். அதற்கு அப்புறம் அவளுக்கு எதுவும் கிடையாது, வாளியைத் தூக்குவதைத் தவிர. முதல்வர் பேனா மூடியைத் திறந்தார்.

“பார்த்தீங்களா” என்றார் ஆசிரியர், நாற்காலியில் சாய்ந்துகொண்டு.

அதிகாரி அம்மா மட்டும் சாயவில்லை. “நீங்க ஏம்மா கீழேருந்து எழுதினீங்க?” என்று கேட்டார்.

அந்த அறையில் அவளை ‘நீங்க’ என்றது அதுவே முதல் தடவை.

“போர்டை அப்படித்தான் துடைப்பேன், மேடம். ஒவ்வொரு வரியையும் அழிக்கிறதுக்கு முன்னாடி படிச்சிடுவேன். அழிச்சிட்டா அப்புறம் கிடைக்காதில்ல.”

ஆசிரியர் சிரித்தார். உச்சரிப்பையும் ஈரத்துணிதான் சொல்லிக்கொடுத்ததா என்று கேட்டார். வராந்தாவைத் துடைக்கும்போது நாற்பது பையன்கள் கத்துவது காதில் விழத்தானே செய்யும் என்றாள் அவள்.

அதிகாரி எழுந்தார். சுவரில் ஒரு சிறிய கரும்பலகை. அதில் எதுவும் எழுதியிருக்கவில்லை. “துணி இருக்கா? இதைத் துடைங்க. துடைச்சிக்கிட்டே இதே வினைக்கு எதிர்காலம் சொல்லுங்க. பரீட்சையில வராதது.”

அவள் வெளியே வைத்திருந்த வாளியிலிருந்து துணியைப் பிழிந்து எடுத்து வந்தாள். பலகையின் அடி ஓரத்தில் துணியை வைத்தாள். முதல் இழுப்பில் ஒன்றும் வரவில்லை. ஆசிரியர் மேசையில் விரலால் தாளம் போட்டார்.

இரண்டாவது இழுப்பு.

“லபோராபுன்த்” என்றாள். அவர்கள் உழைப்பார்கள். கை ஒரு வரி மேலே போனது. “லபோராபிதிஸ்.” இன்னும் மேலே. “லபோராபிமுஸ். லபோராபித். லபோராபிஸ்.” உச்சிக்கு எட்டாமல் குதிகாலை உயர்த்தினாள். “லபோராபோ.”

விரல் தாளம் நின்றிருந்தது.

“அர்த்தம்?” என்றார் ஆசிரியர். குரலில் பழைய வேகம் இல்லை.

“உழைக்கிறது, சார். கஷ்டப்படுறதுக்கும் அதே சொல்தான். ஆறாம் நம்பர் ரூம்ல நீங்கதான் ரெண்டையும் எழுதிப் போட்டீங்க. மாணவங்க யாரும் குறிச்சுக்கல. நான் பார்த்துட்டுத்தான் அழிச்சேன்.”

அதிகாரி இரண்டாமிடத்துத் தாளை எடுத்து அவள் தாளின் பக்கத்தில் வைத்தார். அதில் எல்லாம் மேலிருந்து கீழ். அந்தக் கஷ்டப்படுகிற அர்த்தம் அதில் இல்லை. இவள் தாளில் இருந்தது. இல்லாததைப் பார்த்து எப்படி எழுதினாள் என்று ஆசிரியரைக் கேட்டார். வரிசைதான் தப்பு, அதற்காவது மதிப்பெண் குறைக்க வேண்டும் என்று அவர் முனகினார். கேள்வியில் வரிசை கேட்கவில்லை என்று சொல்லி அதிகாரி புகாரின் குறுக்கே ஒரு கோடு இழுத்துக் கையெழுத்துப் போட்டார். திங்கட்கிழமை ஒன்பது மணிக்குக் காப்பகத்துக்கு வந்துவிடுங்கள் என்றார்.

யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. அப்படிப்பட்டவர்கள் கேட்பதில்லை. முதல்வர் பேனாவை மூடிவிட்டு, ஆறாம் நம்பர் அறை இன்னும் துடைக்காமல் கிடக்கிறதே என்றார்.

அவள் துணியை உதறி வாளியின் விளிம்பில் மடித்துப் போட்டாள்.

“இன்னிக்கு முடிச்சிட்டுப் போறேன், சார். திங்கக்கிழமைலேருந்து வேற ஆள் பாருங்க. வர்றவங்ககிட்ட கீழேருந்து துடைக்கச் சொல்லுங்க. மேலேருந்து துடைச்சா அழுக்குத் தண்ணி வழிஞ்சு காஞ்சு, போர்டு பூரா கோடு விழும்.”