பென்சன் எடுத்த யப்பான்காரர்

சனிக்கிழமை மதியம். நோர்வேயில், ட்வெய்ட்டாவில் எங்கள் வீட்டுக் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். பதினாறு வயது மகள் மேசையில் இருந்து போனைக் கண் வெட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். யாரோ ஒரு ஆண், சட்டையை அயன் செய்துகொண்டிருந்தான்.

“ஆர் உது?”

“நான் இவருக்குப் பின்னாலை போறன் அம்மா. ரெண்டு வருசமா.”

கத்தியைக் கீழே வைத்தேன்.

“என்ன வயசு?”

“நாப்பது இருக்கும். யப்பான். பென்சன் எடுத்திட்டார்.”

எங்கள் பேச்சில் ஒரு பெண்பிள்ளை ஒருவனுக்குப் பின்னால் போகிறாள் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அதுவும் பென்சன்காரன்! வாயில் வந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தேன். முதலில் முழுசிப் பார்த்தவள், பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள். இணையத்தில் ஒருவருடைய பக்கத்தை விடாமல் பார்ப்பதற்கு நோர்வேஜிய மொழியில் இருக்கும் சொல்லை அப்படியே தமிழாக்கியிருக்கிறாள். ஆள் உதைபந்தாட்டக்காரராம். முழங்கால் போனதால் விளையாட்டை விட்டவராம். அதற்கு அவளுக்குத் தெரிந்த தமிழ்தான் பென்சன்.

கோபம் இறங்கினாலும் அதிர்ச்சி இறங்கவில்லை. அவருக்குப் ‘பின்னால் போகிறவர்களின்’ தொகையைக் காட்டினாள். தலை சுற்றியது. இப்போது பந்தையே தொடாத மனிதருக்கு இவ்வளவு கூட்டமா? அரிசி கழுவுகிறார், பூக்கன்றுக்குத் தண்ணீர் விடுகிறார், உலகமே வாய் பார்க்கிறது. கீழே ஒருவர் தமிழில், “அண்ணே, இன்னைக்கு என்ன குழம்பு?” என்று கேட்டிருந்தார். நிச்சயம் தமிழ்நாட்டுப் பிள்ளை.

“விளையாடேக்கை இவரை ஒருத்தருக்கும் தெரியாது அம்மா. விட்ட பிறகுதான் எல்லாரும் பாக்கினம்.”

“விட்டவரை ஏன் பாக்கிறாய்? விளையாடுறவையைப் பார். நீ விளையாடுற பிள்ளையெல்லோ?”

அவளுடைய சிரிப்பு நின்றுவிட்டது.

“நானும் விட்டிட்டன்.”

“எதை?”

“உதைபந்தாட்டத்தை. இலையுதிர்கால லீவுக்கு முதலே.”

வெளியே பனி கரையத் தொடங்கியிருந்தது. அப்படியென்றால் குளிர்காலம் முழுவதும்!

“அப்ப செவ்வாயும் வியாழனும் விளையாட்டுப் பையோடை எங்கை போறனீ?”

“கடைத்தொகுதிக்கை, வாங்கிலை இருந்து இவரைப் பாக்கிறனான். விட்ட பிறகு ஒரு ஆள் என்ன செய்யிறதெண்டு இவர்தான் காட்டுறார்.”

“எனக்கேன் சொல்லேல்லை?”

“நீங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடத்திலை எல்லாருக்கும் சொல்லிப்போட்டியள், நான் நோர்வேக்கு விளையாடுவன் எண்டு.”

சொன்னேன்தான். கண்டவர் நின்றவருக்கெல்லாம் சொன்னேன்.

செயற்கைப் புல் மைதானத்தில் போடும் கறுப்பு ரப்பர் மணிகள் அவளுடைய காலுறைகளோடு வந்து குளியலறையெல்லாம் கொட்டும். வருடக்கணக்காக அதற்குச் சண்டை பிடித்திருக்கிறேன். இந்தக் குளிர்காலத்தில் ஒரு மணியைக்கூடக் காணவில்லை. பிள்ளை ஒருவழியாகத் திருந்திவிட்டாள், வாசலிலேயே உதறிவிட்டு வருகிறாள் என்று அக்காவுக்குப் போனில் பெருமை பேசினேன். கிழமைக்கு இரண்டு தரம், வியர்வையே படாத அவளுடைய விளையாட்டுச் சட்டையைத் தோய்த்துக் காயப்போட்டிருக்கிறேன்.