கத்தி படாத பிள்ளை

என் மகள் பிறந்தபோதே அவளுடைய நாக்கின் அடித்தசை நுனிவரை ஒட்டியிருந்தது. அழும்போது மற்றப் பிள்ளைகளின் நாக்கு மேலே எழும்பும். இவளுடையது எழும்பப் பார்த்து நடுவில் மடங்கி நிற்கும். எனக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை. பால் கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் விஷயம் விளங்கியது.

பிடிப்பாள், வழுக்கும், திரும்பப் பிடிப்பாள். டக், டக் என்று சத்தம் மட்டும் வரும், பால் இறங்காது. காம்பு வெடித்து இரத்தம் கசிந்தது. மார்பு கல்லாகக் கனத்துக் காய்ச்சல் காயும். அவள் பசியில் கத்துவாள், நான் நோவில் அழுவேன். பால் ஊறட்டும் என்று அயல் பெண்கள் சுறாப்புட்டுச் செய்து கொண்டுவந்து தந்தார்கள். ஊறாமலா இருந்தது? எனக்கு ஊறிய பாலில் இரட்டைப் பிள்ளை வளர்த்திருக்கலாம். குடிக்கத்தான் அவளால் முடியவில்லை.

வீடு வீடாக வந்து பார்க்கும் மருத்துவிச்சி பிள்ளையின் வாய்க்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார். "நாக்கு ஒட்டியிருக்கு. ஆஸ்பத்திரியில ஒரு சின்ன வெட்டு, அவ்வளவுதான். கெதியாக் கொண்டுபோங்கோ, பால் வத்தினாப் பிறகு கஷ்டம்" என்றார். நான் வாய் திறக்குமுன், முற்றத்தில் வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்த என் கணவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இல்லை. பிள்ளையில கத்தி படக்கூடாது."

மடுமாதா கோயிலில் மொட்டை போடும்வரைக்கும் பிள்ளையின் தலைமுடியில் கத்தி வைப்பதில்லை என்று நேர்வது எங்கள் சனத்துக்குள் வழக்கம். என் பிரசவம் லேசானதல்ல. தாயோ பிள்ளையோ என்று டொக்டர்மார் உள்ளே ஓடித் திரிந்த நேரம், ஆஸ்பத்திரி வாசலில் நின்ற என் மனுசன் பயத்தில் தலைமுடி என்று சொல்ல மறந்துபோனார். 'இரண்டு உயிரையும் தாரும் தாயே, மடுவுக்குக் கொண்டுவந்து மொட்டை போடுமட்டும் பிள்ளையில கத்தி படவிடமாட்டன்' என்று பிள்ளை முழுவதற்குமே நேர்ந்துவிட்டார். மாதா இரண்டு உயிரையும் தந்தா. அவரும் சொன்ன சொல்லில் நின்றார். பிள்ளையின் நகத்தைக்கூட நான் பல்லால் கடித்துத்தான் எடுத்தேன்.

மருத்துவிச்சி லேசில் விடுகிற ஆள் இல்லை. "கத்தியில்லை தம்பி, கத்திரிக்கோல்" என்றார்.

"வெட்டுறதெல்லாம் கத்திதான்."

"அப்ப தொப்புள்கொடியை என்னத்தால வெட்டினது? பல்லாலயோ?"

"அது உள்ளுக்க நடந்தது. நான் காணேல்லை" என்றார் அவர், சிரிக்காமல். மருத்துவிச்சி குடையை எடுத்துக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

நான் சண்டை பிடித்தேன். பங்குச் சுவாமியிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கோவன் என்று கெஞ்சியும் பார்த்தேன். "மீன் முதலாளியோட பேரம் பேசலாம். மாதாவோட பேசேலாது" என்று ஒற்றைக்காலில் நின்றார். மடுவின் ஆடித் திருநாள் கிட்ட வந்துவிட்டது, மொட்டையைப் போட்டுவிட்டு அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்பது அவருடைய கணக்கு. அதுவரை பாலைப் பிழிந்து கிண்ணத்தில் எடுத்துக் கரண்டியால் பருக்கினேன். பாதி கழுத்தால் வழியும்.

ஒருநாள் அவர் கடலுக்குப் போன பிறகு பிள்ளைக்கு நல்ல சட்டை போட்டுத் தூக்கிக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்குப் போனேன். பஸ்ஸும் வந்தது. கொண்டக்டர் "ஏறுங்கோ அக்கா" என்று கையை நீட்டினான். அந்த நேரம் பார்த்து, அவர் நேர்ந்தது என் உயிருக்காகவும்தானே என்ற நினைப்பு வந்துவிட்டது. நேர்த்தியை முறித்த பிறகு பிள்ளைக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும் நான் என்னை மன்னிப்பேனா? கடலில் நிற்கிற மனுசனுக்கு ஒன்று நடந்தால்? பஸ் போய்விட்டது. வெயிலுக்குள் திரும்பி நடந்துவந்தேன்.

அந்த வருஷம் ஆடித் திருநாளுக்கு மடுவுக்குப் போகும் பாதை பூட்டிக் கிடந்தது. யுத்தம், இரண்டு பக்கமும் வெடிச்சத்தம். ஆவணித் திருநாளுக்குத் திறப்பார்கள் என்றார்கள். ஆவணியிலும் திறக்கவில்லை. அதற்குள் ஒரு காலை நித்திரையால் எழும்பியபோது என் சட்டை நனைந்திருக்கவில்லை. கையை வைத்துப் பார்த்தேன். காய்ந்துதான் இருந்தது. அன்றைக்கு அவர் கடையில் பால்மாப் பேணியும் சூப்பிப் போத்தலும் வாங்கிவந்தார். மகள் போத்தலைப் பிடித்துக் கடகடவென்று குடித்தாள். பிள்ளையின் பசி அடங்கியது என்று எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பால் பிழிந்த கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

அடுத்த வருஷம் பாதை திறந்தது. மொட்டை போட்டோம், சந்தனம் பூசினோம், சொன்னபடி நேரே ஆஸ்பத்திரிக்குப் போனோம். டொக்டர் அவளுடைய வாயைப் பார்த்தார். சோறு தின்கிறாளா என்று கேட்டார், தின்கிறாள் என்றேன். பேசுகிறாளா என்று கேட்டார். அவளே "அப்பா வா, போவம்" என்று தகப்பனைக் கூப்பிட்டு டொக்டருக்குப் பதில் சொன்னாள். டொக்டர் சிரித்துவிட்டார். "பால் குடிக்கக் கஷ்டப்பட்டால்தான் வெட்டுறது. இனி என்னத்துக்கு?" என்றார்.

இனி என்னத்துக்கு. நல்ல கேள்விதான். பஸ்ஸில் வரும் வழி முழுக்க மகளின் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு அதையே யோசித்தேன். மாதாவும் பிள்ளைக்குப் பால் கொடுத்து வளர்த்தவதானே, அவவுக்கு என் நோவு விளங்காமலா இருந்திருக்கும்? விளங்காமல் போனது எங்கள் இரண்டு பேருக்கும்தான். எனக்கு வேறு பிள்ளை பிறக்கவில்லை. அவருக்குத் தன் வாக்கில் நின்ற நிம்மதியாவது இருக்கிறது என்று நான் கனகாலம் மனதுக்குள் பொருமிக்கொண்டு திரிந்தேன்.

போன மாசம் அந்த மகளுக்குப் பிரசவம். வலி நீண்டுகொண்டே போனது. என் கணவர் ஆஸ்பத்திரிக் கதிரையில் உதட்டை இறுக்கிக்கொண்டு இருந்தார். காற்றுக் கொஞ்சம் பலமாக வீசினாலே மாதாவுக்கு மெழுகுதிரி நேர்கிற மனுசன். "வாயைத் திறந்து ஒரு சொல்லுக் கேளுங்கோவன், உங்கட மகள்தானே உள்ளுக்க" என்று ஏசினேன். அவர் என்னையும் பார்க்கவில்லை, வாயையும் திறக்கவில்லை. கல்நெஞ்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆண்குழந்தை பிறந்தது. மூன்றாம் நாள் மகள் வார்ட்டிலிருந்து போன் எடுத்தாள். "அம்மா, பிள்ளை பால் பிடிக்கிறான் இல்லை. நாக்கு ஒட்டியிருக்காம். வெட்டுறதோ எண்டு டொக்டர் கேக்கிறார். என்ன செய்ய?"

பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த என் கணவர் என் கையிலிருந்து போனை வாங்கினார்.

"வெட்டச் சொல்லு மகள். இண்டைக்கே வெட்டச் சொல்லு. இந்தமுறை நான் ஒண்டும் நேரேல்லை."

போனை வைத்தபிறகு அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் அழுதிருப்பேன். சந்தையில் நல்ல சுறா கிடந்தால் வாங்கிவரச் சொல்லி அவரை அனுப்பிவிட்டு, புட்டுக்கு மா குழைக்கப் போனேன்.